சங்கக் குறூப்பில் விழுந்த தேர்தல் படம்

1. செத்தவர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்

திரேசம்மா அக்கா செத்துப்போனார் என்று ஜெயசீலன் எனக்குப் போனில் சொன்னபோது, திரேசம்மா அக்கா என் கடைக் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிரதேச சபைத் தேர்தலுக்கு முந்திய நாட்கள் அவை. முல்லைத்தீவு நகரத்தில் எனக்கு ஒரு டிசைன் கடை இருக்கிறது. கல்யாண அட்டை, வயதுக்கு வந்த பிள்ளைகளின் சாமத்திய வீட்டுப் பனர், மரண அறிவித்தல் என்று எல்லாம் செய்வேன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் செய்வேன். ஒரே நாளில் நாலு சின்னத்துக்கு வேலை செய்துவிட்டு, ஒருவர் படத்தை மற்றவர் கண்ணில் காட்டாமல் அனுப்பிவைக்கிற ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த முறை ஒரு கரையோர வட்டாரத்தில் மோதிய இரண்டு பேருமே என் வாடிக்கையாளர்கள். திரேசம்மா அக்கா கடற்றொழில் மாதர் சங்கத்தின் தலைவி. புருசன் இல்லை. சுயேச்சையில் வாக்குக் கேட்டார். ஜெயசீலன் மீன் வாங்கி விற்கிறவர், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கட்சியில் கேட்டார். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே கோயில், இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

“சாந்தியக்கா, விஷயம் கேள்விப்பட்டனீங்களோ? எங்கட திரேசம்மாக்கா மோசம் போயிட்டா,” என்றார் ஜெயசீலன்.

குரலில் உண்மையான கவலை இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மூச்சு விடுவதற்குள் அடுத்த வசனமும் வந்தது.

“உடனை ஒரு அஞ்சலிப் படம் வேணும் அக்கா. நானே போனிலை ஒண்டு செய்து போட்டிட்டன், அது வடிவில்லை. அவான்ரை நல்ல படம் உங்களிட்டை இருக்கும்தானே. கீழை என்ரை படமும் சின்னமும் வரட்டும். என்ரை படம் கொஞ்சம் பெரிசா வரட்டும்.”

“ஆர் தம்பி சொன்னது?”

“மரியதாஸ் அண்ணை மரண உதவிச் சங்கத்து வாட்ஸ்அப் குறூப்பிலை படம் போட்டிருக்கிறார். ஊரே அழுகுது.”

நான் போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டுத் திரேசம்மா அக்காவிடம் நீட்டினேன். “நீங்களே ஒருக்கா கதையுங்கோ அக்கா,” என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்து, ஆறுதலாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சீலன், நான் திரேசம்மாதான் கதைக்கிறன். படத்தை வடிவாச் செய்விச்சுப் போடு ராசா. ஆனா செத்தது நானெல்லோ? என்ரை படம்தானே பெரிசா வரவேணும்?”

 மறுபக்கத்தில் போன் கட்டாகியது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

2. எல்லோரும் திறக்கிற ஒரே குறூப்

சிரித்து முடிந்த பிறகுதான் திரேசம்மா அக்கா தன் போனைக் கைப்பையிலிருந்து எடுத்தார். பேச்சுக்குக் குறுக்கே அடிக்கக்கூடாது என்று அதை அணைத்து வைத்திருந்தார். திறந்ததும் அது மேசையில் நின்ற இடத்தில் நிற்காமல் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது.

நடந்தது இதுதான். அன்று மத்தியானம் அவருடைய தேர்தல் படத்தை முடித்து மரியதாஸின் போனுக்கு அனுப்பியிருந்தேன். வெள்ளைச் சேலை, கூப்பிய கை, இளநீலப் பின்னணி, பெரிய எழுத்தில் பெயர், அடியில் சின்னம். மரியதாஸ் திரேசம்மா அக்காவின் புருசனுடைய தம்பி. தேர்தல் வேலை எல்லாம் அவர் தலையில்தான். செத்தவீட்டுக்குக் கதிரை, பந்தல், ஆள் எல்லாம் பார்க்கிற ஊர் மரண உதவிச் சங்கத்தின் செயலாளரும் அவரேதான். அவர் என்ன செய்தார்? படத்தைத் தேர்தல் குறூப்பில் போட்டார். ஒருவரும் திறக்கவில்லை. அரை மணித்தியாலம் பொறுத்தார். பிறகு சங்கக் குறூப்பில் போட்டுவிட்டு, போனைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு வாக்குக் கேட்கப் போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு ஊரில் எத்தனையோ குறூப் இருக்கும். பழைய மாணவர் குறூப், பாடகர் குழாம் குறூப், விளையாட்டுக் கழகக் குறூப். எல்லாவற்றிலும் காலை வணக்கப் பூவும் சிரிப்பு வராத ஜோக்கும் நிறைந்து கிடக்கும். அவற்றை ஒருவரும் பார்ப்பதில்லை. மரண உதவிச் சங்கக் குறூப் அப்படியில்லை. அது வாரக்கணக்காக வாய்மூடிக் கிடக்கும். ஒரு நாள் சத்தம் போட்டால் ஊரில் யாரோ இல்லை என்று அர்த்தம். அதில் வழக்கமாகச் செயலாளர் மட்டும்தான் படம் போடுவார், போட்டால் அது செத்தவரின் படம்.

பாதிப் பேர் டேட்டாவை மிச்சம் பிடிப்பதற்காகப் படம் தானாக இறங்காதபடி போனை வைத்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிவது கலங்கிய ஒரு பெட்டி மட்டும். அதற்குள் வெள்ளையாக ஒரு உருவம். மேலே மரியதாஸின் பெயர். வேறு என்ன வேண்டும்? படத்தைத் திறந்த முதல் ஆள் கலக்கத்தில் பெரிய எழுத்துப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அடியில் இருந்த சின்னத்தைப் பார்க்காமல், ‘திரேசம்மா அக்காவுக்கு ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதினார். அதற்குக் கீழே வந்தவர்கள் படத்தைத் திறக்கவே இல்லை. இரங்கலைப் பார்த்து இரங்கல் எழுதினார்கள்.

“உங்களுக்கென்ன விசரே மரியதாஸ்? அந்தக் குறூப்பிலை ஏன் போட்டனீங்கள்?” என்று நான் போனில் கேட்டேன்.

“மற்றக் குறூப்புகளை ஆர் அக்கா திறக்கினம்? இதைத்தான் எல்லாரும் திறக்கினம்,” என்றார். சொன்னதில் பிழையில்லை. அதுதான் வினை.

3. திரும்பி வந்த படகுகள்

கடையைப் பூட்டிவிட்டு நானும் அக்காவோடு ஓட்டோவில் ஊருக்குப் போனேன். வேடிக்கை பார்க்கிற ஆசைதான், வேறொன்றும் இல்லை. அவருடைய ஒழுங்கையில் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது. சங்கத்துக் கதிரைகள் வாசலில் அடுக்கிக் கிடந்தன. ஓட்டோவிலிருந்து அவர் இறங்கியதும் ஒரு மனுசி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதாள். அழுதபடியே முதுகில் இரண்டு அடியும் போட்டாள்.

அதுவரை எனக்கு எல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. பிறகு கடற்கரைப் பக்கமிருந்து ஆண்கள் வந்தார்கள். அவர்களின் முகத்தில் பகிடி இல்லை.

நான் மாங்குளத்துப் பக்கம் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் பக்கத்திலும் செத்தவீடென்றால் வயலுக்குப் போகமாட்டார்கள். ஆனால் வயல் ஓடிப்போகாது, அடுத்த நாள் அங்கேயே இருக்கும். கடல் அப்படியில்லை. அந்த ஊரில் ஒருவர் செத்தால் ஒரு படகும் தொழிலுக்குப் போவதில்லை. போன படகும் திரும்ப வேண்டும். அந்த நாட்களில் பின்னேரம் போய் விடியத் திரும்புகிற தொழில். படகுகள் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போயிருந்தன, போன் சிக்னல் இருக்கிற தூரம். செய்தி கேட்டதும் போட்ட வலையைப் பாதியில் இழுத்துக்கொண்டு எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு படகுக்காரர் திரேசம்மா அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். கால்சட்டை ஈரம் இன்னும் காயவில்லை.

“நீங்கள் உயிரோடை நிக்கிறது சந்தோசம் அக்கா. பொய் சொல்லேல்லை. ஆனா மீன் படுகிற நேரத்திலை வலையை இழுத்துக்கொண்டு வந்தனாங்கள். வோட்டுக் கேக்கிறதுக்குச் செத்தவீட்டுக் குறூப்புத்தானே கிடைச்சது?”

திரேசம்மா அக்கா வாய்க்காரி. எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்று அவர், “மன்னிச்சுக்கொள்ளு தம்பி,” என்று மட்டும் சொன்னார். பிறகு தானே போய்த் தன் ஒழுங்கையில் கட்டியிருந்த வெள்ளைக்கொடியை அவிழ்த்தார். அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

4. படத்துக்குப் படம்

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த நாள் ஜெயசீலனின் ஆட்கள் ஒரு ஸ்கிரீன்ஷொட்டைச் சங்கக் குறூப்பிலேயே போட்டார்கள். திரேசம்மா அக்காவின் தேர்தல் படம், அதற்குக் கீழே வரிசையாக இரங்கல்கள். மேலே, ‘ஊர் மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்’ என்று ஒரு வரி. நல்ல வேலை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மரியதாஸ் மூச்சு வாங்கக் கடைக்கு வந்தார். திரேசம்மா அக்காவும் வந்தார். ஜெயசீலன் அவசரப்பட்டுத் தானே செய்து போட்ட அஞ்சலிப் படம் மரியதாஸின் போனில் இருந்தது. ஜெயசீலன் அதை அழித்திருந்தார், ஆனால் அழிப்பதற்குள் எத்தனையோ பேர் அதைப் பிடித்து வைத்துவிட்டார்கள். அதில் திரேசம்மா அக்காவைப் பற்றி, ‘கரையோர மக்களின் தாய், ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று எழுதியிருந்தார்.

“அக்கா, இதை வடிவாச் செய்து போட்டால் என்ன? எதிரியே ஏற்றுக்கொண்ட தலைவி எண்டு?” என்றார் மரியதாஸ்.

“போடுங்கோ. அவன் எழுதினதுதானே, நாங்கள் புளுகேல்லையே,” என்றார் திரேசம்மா அக்கா.

நான் செய்து கொடுத்தேன். அடுத்த நாள் எதிர்ப்பக்கம் அதற்குப் பதில் போட்டது. ஜெயசீலன் பக்கத்து வேலையும் என்னிடமே வந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுக்கொன்று குறையாமல் நல்லதாகவே செய்து கொடுத்தேன். தொழில் என்றால் அப்படித்தான். எல்லாம் போய் விழுந்த இடம் ஒன்றுதான். தேர்தல் குறூப்புக்கு ஆள் வராது, சங்கக் குறூப்பில் ஊர் முழுக்க இருக்கிறது. பிறகு ஆளுக்காள் தொடங்கினார்கள். கேலிப் படம், பாட்டுச் சேர்த்த வீடியோ, கழுதையின் உடம்பில் வேட்பாளரின் தலை. வாரக்கணக்காக வாய்மூடிக் கிடந்த குறூப் விடிய எழும்பினதிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது.

ஊர்ச்சனம் என்ன செய்யும்? சத்தத்தை அணைத்து வைத்தது. மரண அறிவித்தல் செய்கிறவள் என்று மரியதாஸ் என்னையும் அதில் சேர்த்திருந்தார், நானும் அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

5. பெட்டியை இறக்க ஆளில்லை

தேர்தலுக்குக் கிட்டடியில் ஜெயசீலனின் தகப்பன் சூசையப்பு வவுனியா ஆஸ்பத்திரியில் காலமானார். நல்ல மனுசன். அந்தக் கரையில் அவரிடம் கடல் பழகாத ஆண்கள் குறைவு.

ஜெயசீலன் ஆஸ்பத்திரியில் நின்றபடியே எனக்குப் போன் எடுத்தார். இந்த முறை தன் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அப்பாவின்ரை படத்தை அனுப்பிறன் அக்கா. அறிவித்தல் ஒண்டும், வீட்டுக்குப் பனர் ஒண்டும்,” என்று மட்டும் சொன்னார். நான் அறிவித்தலைச் செய்து முதலில் மரியதாஸுக்கு அனுப்பினேன். செயலாளர் அவர்தானே. அவர் உடனே அதைச் சங்கக் குறூப்பில் போட்டார், போட்டுவிட்டுக் கதிரைகள் எடுக்க உழவு இயந்திரம் தேடிப் போனார்.

பின்னேரம் நான் பனரோடு செத்தவீட்டுக்குப் போனேன். உடல் ஓமந்தை, மாங்குளம் தாண்டி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே முற்றத்தில் ஒரு ஆண் இல்லை. பந்தல் இல்லை, கொடி இல்லை. நாய் ஒன்று படுத்திருந்தது.

“அக்கா, ஆக்கள் எங்கை?” என்று சூசையப்புவின் மகள் என்னிடம் கேட்டாள். நான் அந்த ஊர்க்காரியும் இல்லை, என்னிடம் கேட்கிற அளவுக்கு அங்கே வேறு ஆள் இல்லை.

போனைத் திறந்து குறூப்பைப் பார்த்தேன். அறிவித்தல் அங்கேதான் இருந்தது. அதற்கு மேலே ஒரு கழுதைப் படம், கீழே ஒரு பாட்டு வீடியோ. நடுவிலே கலங்கிய பெட்டி. சூசையப்புவும் மகனும் அச்சில் வார்த்தது போல ஒரே முகம். இறங்காத படத்தில் தெரிந்தது வெள்ளைச் சேர்ட் போட்ட ஒரு ஜெயசீலன்தான். இன்னொரு தேர்தல் படம் என்று எல்லோரும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அடியில் யாரோ ஒருவர் சிரிக்கிற முகமும் போட்டிருந்தார்.

கடற்கரை அங்கிருந்து தூரம். உடல் ஊருக்கு வந்த பிறகுதான் கோயிலில் துக்க மணி அடிப்பது வழக்கம். அதற்கு முன்னால் ஊரைக் கூட்டுவது அந்தக் குறூப் ஒன்றுதான். படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன.

நான் திரேசம்மா அக்காவுக்குப் போன் எடுத்தேன். “அக்கா, சீலனின்ரை தகப்பன் மோசம் போயிட்டார். பெட்டி வரப்போகுது. இஞ்சை ஒரு குஞ்சு குருமன் இல்லை.”



“அது சூசையப்பு அண்ணையே?” என்றார். “நான் திறக்கேல்லை பிள்ளை. சீலனின்ரை போஸ்ட் எண்டு விட்டிட்டன்.” பிறகு, “வாறன்,” என்றார்.

வான் வாசலில் வந்து நின்றபோது அவர் மாதர் சங்கத்துப் பெண்களோடு ஒழுங்கை முனையில் வந்துகொண்டிருந்தார். ஜெயசீலன் முன் சீற்றிலிருந்து இறங்கி முற்றத்தைப் பார்த்தார். பந்தலைத் தேடினார். ஆட்களைத் தேடினார். தகப்பனுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று வழி முழுக்க அவர் நினைத்துக்கொண்டு வந்திருப்பார். வானில் சாரதியும் நோய்ப்பட்ட ஒரு சித்தப்பாவும் மட்டும்தான். பெட்டியை இறக்க ஆளில்லை.

திரேசம்மா அக்கா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

“சீலன், நீ தலைமாட்டைப் பிடி. நாங்கள் இஞ்சாலை பிடிக்கிறம்.”

உள்ளே இருந்து வந்த ஒரு மாமி, “பொம்பிளையள் பெட்டி தூக்கிறதில்லையெடி,” என்றாள்.

“அப்ப ரோட்டிலை கிடக்கட்டோ?” என்றார் திரேசம்மா அக்கா.

 பெண்கள் தூக்கினார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். பாரம் என் தோளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஜெயசீலன் தலைமாட்டைப் பிடித்தபடி வாய்விட்டு அழுதுகொண்டு நடந்தார். அந்த அழுகையில் தகப்பன் போன துக்கம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பெட்டியை விறாந்தையில் வைத்ததும் திரேசம்மா அக்கா பெண்களைப் பார்த்துத் திரும்பினார். “குறூப்பிலை ஒண்டும் போடாதேங்கோ. ஒவ்வொருத்தரும் அவரவற்றை மனுசனுக்குப் போன் எடுத்து வாயாலை சொல்லுங்கோ.” முற்றத்தில் நின்றபடி பெண்கள் கடலுக்குப் போன் எடுத்தார்கள். “இல்லையப்பா, சீலன் இல்லை, சூசையப்பு அண்ணை. இல்லை, பகிடி இல்லை. நான் பெட்டிக்குப் பக்கத்திலை நிக்கிறன்.” ஒவ்வொருத்தியும் இதையே இரண்டு மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. மனைவி வாயால் சொல்லியும் நம்பப் பயந்தார்கள்.

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. பொழுதுபடுகிற நேரத்தில் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஈரக் கால்சட்டையோடு வந்து, பந்தல் போடத் தடி பிடித்தார்கள். ஒருவரும் ஜெயசீலனின் முகத்தைப் பார்க்கவில்லை.

6. என் கடைக்கு வந்த மிக நல்ல படம்

மரியதாஸை மறந்துவிட்டேனே. நாங்கள் பெட்டியைத் தூக்கி வாசல் தாண்டுகிற நேரம் அவர் கதிரைகளோடு உழவு இயந்திரத்தில் வந்து சேர்ந்தார். இறங்கியதும் முதல் கை போனது கதிரைக்கில்லை, போனுக்கு.

அடக்கம் முடிந்த பிறகு அந்தப் படத்தை எனக்கு அனுப்பினார். “‘தாங்கும் கரங்கள்’ எண்டு ஒரு வரி போட்டால் எப்பிடி அக்கா? நாங்கள் வெண்ட மாதிரித்தான்,” என்று பேசி அனுப்பியிருந்தார்.

நான் இந்தத் தொழிலில் மயிர் நரைத்தவள். எது வேலை செய்யும், எது செய்யாது என்று பார்த்த உடனே சொல்வேன். அந்தப் படம் வேலை செய்யும். பின்னேர வெயில் பக்கவாட்டில் விழுந்திருந்தது. இடுப்பில் செருகிய சேலை, கழுத்து நரம்பு புடைத்த திரேசம்மா அக்காவின் முகம், பெட்டியின் மேல் அவருடைய கை, முன்னால் அழுதுகொண்டு போகிற எதிர் வேட்பாளர். ஒரு எழுத்துக்கூடப் போடத் தேவையில்லை. இப்படி ஒரு படம் என் கடைக்கு வந்ததே இல்லை.

நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்து, மூலையில் சின்னத்தை வைத்து, திரேசம்மா அக்காவைக் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“வடிவா வந்திருக்கு,” என்றார்.

“ஓம் அக்கா.”

“இது சீலன் அழுற படமெல்லோ?”

“ஓம். உங்களுக்கு வாக்கு விழும்.”

“விழும்,” என்றார். அதில் அவருக்கும் சந்தேகம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அழி பிள்ளை,” என்றார்.

நான் வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்கிற வழக்கம் இல்லை. அன்று சொன்னேன். “அக்கா, ஊரிலை உங்களிலை இன்னும் கோபம் இருக்கு. வலையைப் பாதியிலை இழுத்தவை மறக்கேல்லை. இந்தப் படம் போகாட்டில் நீங்கள் வெல்லமாட்டியள். சும்மா சொல்லேல்லை.”

“தெரியும்.”

“ஆக்கள் எடிற் பண்ணின பொய்ப் படம் போடினம். இது உண்மையான படம். நீங்கள் தூக்கினதுதானே?”

“தூக்கினதுதான். ஆனா இதைப் போட்டால், அடுத்த முறை ஆரும் பெட்டியிலை கை வைக்கேக்கை சனம் கையைப் பாக்காது. ஆர் படம் எடுக்கினம் எண்டு சுத்திப் பாக்கும்.”

 அவருக்கு முன்னாலேயே அழித்தேன். மரியதாஸின் போனை வாங்கி அதிலிருந்தும் அவரே அழித்தார். மரியதாஸ் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. “மச்சாளுக்கு வெல்ல விருப்பமில்லை,” என்று என்னிடம் வந்து குறைப்பட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம் நடந்தது. குறூப்பில் கிடந்த எல்லாவற்றையும் துடைத்தார்கள். இனிமேல் அதில் படமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். யார் செத்தார், எந்த ஒழுங்கை, உடல் எப்போது வரும் என்று செயலாளர் தன் குரலில் பேசிப் போட வேண்டும். மரியதாஸ் அன்றிலிருந்து அப்படித்தான் போடுகிறார். அதனால் எனக்குப் போனுக்கான மரண அறிவித்தல் வேலை அந்த ஊரிலிருந்து வருவதில்லை. வராவிட்டால் என்ன, பனர் வருகிறது.

7. வாக்கு எண்ணிய பிறகு

அந்த வட்டாரத்தில் ஜெயசீலன் வென்றார். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அந்தப் படம் போயிருந்தால் முடிவு மறுபக்கம் திரும்பியிருக்கும் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

நன்றிப் படம் செய்வதற்கு அவர் கடைக்கு வந்தார். தன் படத்தைச் சின்னதாகப் போடச் சொன்னார். முடித்து அனுப்பிய பிறகும் எழும்பிப் போகாமல் இருந்தார்.

“அக்கா, அண்டைக்குப் பெட்டி தூக்கேக்கை மரியதாஸ் அண்ணை படம் எடுத்தவர். நான் கண்டனான். ஒவ்வொரு நாளும் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

“அது வராது தம்பி. அழிச்சாச்சு.”

“ஆர் அழிச்சது?”

சொன்னேன். அவர் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழும்பிப் போனார். அங்கிருந்து நேரே திரேசம்மா அக்கா வீட்டுக்குப் போனாராம். என்ன கதைத்தார்கள் என்று இரண்டு பேரும் இன்றுவரை சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் சொல்ல இருப்பது ஒன்றுதான். டிசைன் எல்லோரும் பழகலாம். நிறம், எழுத்து, சின்னம் எங்கே வைப்பது, எல்லாம் ஆறு மாதத்தில் கைவரும். நான் இப்போது வாடிக்கையாளரிடம் என்ன அளவு என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் குறூப்புக்கு என்று கேட்கிறேன். சொல்ல மறுத்தால் வேலையை எடுப்பதில்லை. செத்தவீட்டில் எடுத்த படத்தில் எந்தச் சின்னத்தையும் வைப்பதில்லை. இரண்டு கட்சிக்காரர் இதற்காகக் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் திரேசம்மா அக்கா மாதர் சங்கத்துப் பனருக்கு வந்திருந்தார். அதே கதிரை, அதே பிளேன்ரீ. எனக்கு ஆற்றாமை போகவில்லை. “கைக்கு வந்ததை விட்டிட்டியளே அக்கா,” என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“மரியதாஸ் ஒரு நாளைக்கு அந்தக் குறூப்பிலை என்ரை பேரை உண்மையாச் சொல்லுவான் பிள்ளை. அண்டைக்குப் படகெல்லாம் திரும்பி வரும். எனக்கு அது காணும்,” என்றார். பிறகு திரையைக் காட்டி, “அந்த எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கு, தூரத்திலை இருந்து தெரியாது,” என்றார்.